அது வேற செடியா இருக்கும்

போன மாதம் ஒரு பயிற்சி முகாம் முடிந்து சில மாணவத் தோழர்கள் என் அறைக்கு வந்திருந்தார்கள். ஜன்னல் கம்பியில் தொங்கும் தொட்டிகளைப் பார்த்த ஒருவர், "அக்கா, இதுக்கெல்லாம் உங்களுக்கு எங்க நேரம்?" என்றார். பக்கத்தில் இருந்தவர் இன்னும் ஒரு படி மேலே போய், "கீரை போட்டாலும் குழம்புக்கு ஆகும். ஒண்ணுக்கும் ஆகாத கள்ளி. இது மிடில் கிளாஸ் பொழுதுபோக்கு இல்லையா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டு டீ போடப் போய்விட்டேன். அன்றைக்குச் சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் செடிகளைப் பற்றி. கள்ளி என்றால் நமக்கு நினைவுக்கு வருவது பொட்டல்காடும் முள்ளும்தான். என்னிடம் இருப்பவை காட்டுக் கள்ளிகள். மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் பிரேசிலிலும் மழைக்காடுகளில், மரக்கிளைகளின் கவட்டில் வேர்பிடித்துக் கீழே தொங்குபவை. முள் அநேகமாக இருக்காது. உச்சி வெயில் ஆகாது. மரநிழலில் வடிகட்டி வரும் வெளிச்சம் போதும். பத்தாம் வகுப்பில் ஒட்டுண்ணி, தொற்றுத் தாவரம் என்று இரண்டு படித்திருப்பீர்கள். ஒட்டுண்ணி மரத்தின் சாற்றை உறிஞ்சும். தொற்றுத் தாவரம் மரத்தில் உட்கார்ந்திருக்குமே தவிர மரத்திடமிருந்து எதையும் எடுக்காது. இவை இரண்டாவது வகை. இடஒதுக்கீட்டில் படித்தவர்களைப் பார்த்து ஒட்டுண்ணி என்று சொல்லும் ஆட்களுக்கு இந்தப் பாடமும் சரியாக ஏறவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

என் மூன்று தொட்டிகளில் ஒன்று ரிப்சாலிஸ். பச்சை நூல் கற்றை மாதிரி தொங்கும். கோத்தகிரிப் பக்கம் வேலை செய்யும் தோழி கொடுத்தது. அவருடைய தாத்தா பாட்டி 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டு நீலகிரிக்கு வந்தவர்கள். கள்ளிக் குடும்பத்தில் அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இயற்கையாகவே வளர்வது ரிப்சாலிஸில் ஒரே ஓர் இனம்தான். ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் இலங்கைக் காடுகளிலும் அது இருக்கிறது. இதைச் சொன்னபோது தோழி, "அதுக்காவது யாரும் ஒப்பந்தம் போடல" என்றார்.

இரண்டாவது, கிறிஸ்துமஸ் கள்ளி. அது என் தோல்வி. நீண்ட இரவும் குளிரும் இருந்தால்தான் மொட்டு கட்டும். கொடைக்கானலில் குலுங்கும். சென்னையில் நான்கு வருடமாக ஒரு மொட்டுகூட இல்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

மூன்றாவதுதான் இந்தக் கட்டுரை. நம் ஊரில் பிரம்ம கமலம் என்றும் நிஷாகந்தி என்றும் சொல்கிறார்கள். தாவரவியல் பெயர் எபிஃபில்லம் ஆக்சிபெட்டாலம். பட்டையான நீண்ட இலைகள் போலத் தெரிபவை உண்மையில் இலைகள் இல்லை, இலைத்தொழில் தண்டுகள். அவற்றின் ஓரத்தில் இருக்கும் சிறு பள்ளங்களிலிருந்துதான் வேரும் வரும், கிளையும் வரும், பூவும் வரும். பூ இரவில் மட்டும் மலரும். எட்டு மணிக்கு மேல் அவிழ ஆரம்பித்து நடுராத்திரியில் முழுதாக விரிந்து, விடிவதற்குள் துவண்டுவிடும். ஒரு சாண் அகலம் இருக்கும். வாசனை பக்கத்து வீட்டைக் கூப்பிடும்.

என் அம்மா நான்கு வருடம் இந்தப் பூவைக் கூட்டி அள்ளியிருக்கிறார். ஒருமுறைகூட மலர்ந்து பார்த்ததில்லை.

தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் காலனியிலிருந்து இரண்டு மைல் நடந்து, டவுனில் ஒரு வீட்டில் வாசல் தெளிக்கவும் பாத்திரம் துலக்கவும் கொல்லை கூட்டவும் போய்க்கொண்டிருந்தார். காலை ஆறு மணிக்குப் போனால் பதினொன்றுக்குத் திரும்புவார். மறுபடி மூன்றிலிருந்து ஐந்து. அந்த வீட்டுக் கொல்லைத் தாழ்வாரத்தில் இந்தச் செடி தொங்கியது. பூக்கும் ராத்திரி தெருவே வந்து பார்க்கும். விளக்கேற்றி வைப்பார்கள், சூடம் காட்டுவார்கள், பால் பாயசம் வைப்பார்கள். இதெல்லாம் அம்மாவுக்கு மறுநாள் காலை துலக்கும் பாத்திரங்களிலிருந்து தெரிந்ததுதான். பூவை அம்மா பார்த்தது துடைப்பத்தின் நுனியில். "செத்த கோழிக் கழுத்து மாதிரி தொங்கிக் கெடக்கும். இதப் பாக்கவா ஊரு கூடுச்சுன்னு நெனச்சுக்குவேன்" என்பார்.

அந்த வீட்டம்மா யாருக்கெல்லாம் போத்து கொடுத்தார் என்பதும் அம்மாவுக்குத் தெரியும். தெருக்காரப் பெண்கள் கேட்டால் ஒரு நல்ல தண்டாகப் பார்த்து வெட்டி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுப்பார். எங்கள் அம்மாவும் ஒருமுறை கேட்டிருக்கிறார். "அதுக்கு ஆசாரம் வேணும். வீட்டு விலக்கு நாள்ல நிழல் பட்டாலே கருகிடும். உங்க எடத்துல எங்கேர்ந்து வரும்?" என்று பதில். கோபமாகச் சொல்லவில்லையாம், சாதாரணமாகத்தான் சொன்னாராம். ஒரு ஆடி மாதம் செடியை ஒழுங்கு பண்ணிக் கழித்துப் போட்ட தண்டுகளை அம்மா கூட்டிக் குப்பையில் கொட்டப் போனார். அதில் ஒன்றை மட்டும் முந்தானையில் சுருட்டி எடுத்து வந்தார்.

என் வீட்டில் முதன்முதலாக வைத்த, சாப்பிட முடியாத செடி அது. முருங்கை இருந்தது, அவரை ஏறியது, வாசலில் ஒரு பூவரசு நின்றது. அம்மா பெயிண்ட் டப்பாவின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, பாதி தேங்காய் மட்டையும் அடுப்புக்கரியும், பாதி பூவரசடி மண்ணும் போட்டு, பூவரசங்கிளையில் கட்டித் தொங்கவிட்டார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த வீட்டுச் செடி எந்த இடத்தில் இருந்தது, வெயில் எப்போது வந்தது, தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை ஊற்றினார்கள் என்று நான்கு வருடம் பார்த்துக்கொண்டே கூட்டியவருக்கு யார் சொல்லித்தர வேண்டும்?

மூன்றாவது வருடம் மொட்டு வந்தது. அப்போது நான் எட்டாம் வகுப்பு. கீழ்நோக்கித் தொங்கிய மொட்டு ஒரு நாள் கழுத்தை வளைத்து மேலே நிமிர்ந்தது. இரண்டு நாள் கழித்து, கரண்ட் இல்லாத ஒரு ராத்திரி, வாசனைதான் முதலில் வந்தது. அப்பா டார்ச் எடுத்து வந்தார். காலனியில் முப்பது வீடும் எழுந்துவிட்டது. பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் காட்டினார்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "இதுக்குத்தான் அவ்வளவு அலட்டுனாளுவளா?" என்று சொல்லிக்கொண்டே அங்கிருந்து நகரவில்லை. அம்மா ஒன்றும் பேசாமல் பூவின் உள்ளே விரலை விட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். விடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். காலையில் வேலைக்கு லேட்.

லேட்டானதற்குக் காரணம் சொன்னபோதுதான் அந்த வீட்டம்மா சொன்னார்: "உங்க வீட்லயா? அது வேற செடியா இருக்கும்டி."

அம்மா இதை எங்களிடம் சொன்னபோது சிரித்தார். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை, இன்றும் வருவதில்லை. அந்தச் செடியைப் பற்றிக் கொஞ்சம் படித்த பிறகு அந்த வாக்கியத்தின் அபத்தம் இன்னும் கூடிவிட்டது. விதையிலிருந்து முளைப்பது புது உயிர். தாய்ச் செடி பாதி, மகரந்தம் தந்தது பாதி. போத்து வைத்து வளர்த்தால் பிள்ளை இல்லை, அதே செடிதான். மரபணுவில் வித்தியாசம் கிடையாது. தாழ்வாரத்தில் சூடம் காட்டப்பட்டதும் பெயிண்ட் டப்பாவில் டார்ச் வெளிச்சத்தில் நின்றதும் ஒரே உயிரின் இரண்டு கைகள். உலகத்தில் எதை வேண்டுமானாலும் வேறு என்று சொல்லலாம், இதை மட்டும் சொல்ல முடியாது.

சரியாகப் பார்த்தால், வேறு செடி என்பது இரண்டு வீட்டுக்கும் பொருந்தும். பிரம்ம கமலம் என்று புராணப் பெயரோடு இமயமலையில் நிஜமாகவே ஒரு செடி இருக்கிறது. சாசூரியா ஆப்வல்லாட்டா; சூரியகாந்திக் குடும்பம், உத்தரகாண்டின் மாநில மலர். நம் தாழ்வாரங்களில் தொங்குவதற்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. மெக்சிகோக் காட்டுக் கள்ளிக்கு நாம் பிரம்மனைச் சேர்த்தோம், பிறகு ஆசாரத்தைச் சேர்த்தோம், பிறகு தீட்டைச் சேர்த்தோம். இதே குடும்பத்துப் படர்கள்ளிதான் டிராகன் பழம். அதற்கு 2021 ஜனவரியில் குஜராத் அரசு 'கமலம்' என்று பெயர் மாற்றியது. பெயர் வைத்துவிட்டால் பொருள் நம்முடையதாகிவிடும் என்கிற நம்பிக்கை இந்த நாட்டில் பழையது.

எம்.ஏ. சமூகவியலில் மெக்கிம் மாரியட்டின் 1968-ஆம் வருடக் கட்டுரை ஒன்று படித்தோம். உத்தரப் பிரதேசத்து ஊர் ஒன்றில் யார் கையால் யார் எந்த உணவை வாங்குகிறார்கள், யார் வாங்குவதில்லை என்று கட்டம் போட்டு, அதிலிருந்து சாதிப் படிநிலையை எடுத்துக் காட்டியிருப்பார். கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே. வகுப்பில் அந்தக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மனதில் ஓடியது அந்தக் கொல்லைதான். அந்த வீட்டம்மா அம்மாவுக்கு எதுவும் கொடுக்காதவர் இல்லை. பழைய சோறு கொடுத்தார், கிழிந்த புடவை கொடுத்தார், தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தார். எல்லாம் மேலிருந்து, கை படாமல், விழுகிற மாதிரி. போத்து மட்டும் ஏன் முடியவில்லை? சோறு சாப்பிட்டால் தீர்ந்துவிடும். நாளைக்கும் வந்து நிற்க வேண்டும். புடவை நைந்துவிடும். போத்து தீராது. அது வளரும், பூக்கும், பூத்த அன்று இரண்டு வீட்டிலும் ஒரே பூ இருக்கும். அதற்கப்புறம் அந்த வீட்டில் இருந்து நாங்களே இன்னொருவருக்குக் கொடுக்கவும் செய்வோம். கொடுத்தோமும். அடுத்த இரண்டு வருடத்தில் காலனியில் பதினாலு வீட்டில் அது தொங்கியது.

இப்போது வேலையைப் பற்றி. நகரத்தின் தென்கோடியில் ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்பில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்துகிறோம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து போட்ட குடும்பங்கள் அதிகம். எட்டு அடுக்குக் கட்டடங்கள், ஒரு பிளாக்குக்கும் இன்னொன்றுக்கும் நடுவே வெயில் இறங்காத இடைவெளி. முதல் வருடம் பிள்ளைகளோடு துளசியும் ரோஜாவும் வைத்துப் பார்த்தோம். வெளிச்சம் போதாமல் எல்லாம் போனது. அப்போதுதான் இந்தக் கள்ளிகளைக் கொண்டுபோனேன். மரநிழலுக்குப் பழகிய செடி. கிரில் கம்பியில் தொங்கவிட்டால் தரையும் வேண்டாம்.

வைக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன், இதைத்தான் பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒரு சாண் நீளத்தில் முற்றிய தண்டாக வெட்டுங்கள்; இளம்பச்சைக் கொழுந்து வேண்டாம். வெட்டியவுடன் நடாதீர்கள். நிழலில் நான்கைந்து நாள் சும்மா போட்டு வைத்து, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிய பிறகு நட வேண்டும். பாதிப் பேர் தோற்பது இந்த அவசரத்தில்தான். எது அடி, எது நுனி என்று வெட்டும்போதே அடையாளம் வையுங்கள். தலைகீழாக நட்டால் சரிப்படாது. அடிப்பக்கம் இரண்டு விரல் ஆழம் போதும். வெறும் களிமண் கூடவே கூடாது. தேங்காய்நார்த் தூள், உடைத்த கரி அல்லது செங்கல் ஜல்லி, மக்கிய இலை. தண்ணீர் ஊற்றினால் உடனே கீழே வந்துவிட வேண்டும். முதல் வாரம் லேசாகத் தெளித்தால் போதும். மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடித்ததா என்று மெதுவாக இழுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ரிப்சாலிஸ் என்றால் நாலைந்து இழைகளைச் சேர்த்து ஒரே தொட்டியில் வைத்தால்தான் அடர்த்தியாக வரும். மாவுப்பூச்சி வந்தால் பழைய டூத்பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்துவிடுங்கள். மே மாத நேர் வெயில் பட்டால் தண்டு வெளுத்துக் கருகும். மற்றபடி செடி சாவதெல்லாம் தண்ணீர் அதிகமாகி அழுகித்தான். அன்பு மிகுதியால் கொன்றவர்களில் நானும் ஒருத்தி.

நடாமல் காகிதத்தில் சுற்றி வைத்தாலும் தண்டு இரண்டு மூன்று வாரம் தாங்கும். இந்த ஒரு விஷயத்தில் நான் சறுக்கினேன். பிள்ளைகளின் தொட்டிகள் நன்றாக வந்த வருடம், நிறுவன அறிக்கை ஒன்றை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. கிரில்லில் தொங்கும் செடிகளைப் படம் எடுத்துப் போட்டு, 'மண் இல்லாமலும் வாழும் செடி, மண் இல்லாமலும் வாழும் மக்கள்' என்கிற அர்த்தத்தில் ஒரு பத்தி எழுதினேன். எழுதும்போது எனக்கே பிடித்திருந்தது. ஆறாவது மாடியில் இருக்கும் ஒரு அக்காவின் தொட்டிதான் படத்தில் இருந்தது. எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன்.

"இன்னா மேடம் எழுதிக்கீறீங்க? மண்ணு இல்லாமயா?" என்றார். "வூட்ட இடிக்கச் சொல்ல, பீரோவ வுட்டுட்டு, வாசல்ல இருந்த மண்ண ரெண்டு அரிசி கோணில வாரிகினு வந்தேன். வண்டிக்காரன் திட்டுனான். இங்க வந்தா லிப்டு வேல செய்யல. ஆறு மாடி நான்தான் தூக்கினு ஏறுனேன். அந்தத் தொட்டில இருக்கறது அந்த மண்ணுதான்."

எனக்கு முகம் சுட்டது. செடியைப் பற்றியும் நான் தப்பாகத்தான் எழுதியிருந்தேன். காட்டுக் கள்ளி காற்றைக் குடித்து வாழ்வதில்லை. கிளைக் கவட்டில் வருடக்கணக்காகச் சேர்ந்த இலைமக்கும் பாசியும்தான் அதற்கு மண். உயரத்தில் இருக்கிறது, கையளவுதான் இருக்கிறது, ஆனால் இருக்கிறது. மூன்று வாரம் தாக்குப்பிடிக்கிறது என்றால் அது தன் உடம்பில் இருக்கும் தண்ணீரை எடுத்துச் செலவழிக்கிறது. தண்டு சுருங்கிச் சுருங்கி நாரைப் போல ஆகும். அதைப் பார்த்து ஆகா என்ன உறுதி என்று சொல்வது, சுருங்குகிறவரிடம் சொல்லக் கூடிய பேச்சா?

அதுவும் எந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு எழுதினேன்? செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீரின் அறிக்கையை வைத்து 1892-இல் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்ட மாகாணத்தில். அந்த நிலத்தைக் கேட்ட காரணைப் போராட்டத்தில் 1994-இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் சுடப்பட்டுச் செத்த மாவட்டத்துக்குப் பக்கத்தில். மண் இல்லாமலும் இவர்கள் வாழ்வார்கள் என்பது யாருக்குச் சாதகமான வரி என்று ஒரு சமூகவியல் மாணவிக்குத் தோன்றியிருக்க வேண்டும். அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். அறிக்கைக்கு அழகான பத்தி போய்விட்டதே என்று அலுவலகத்தில் ஒருவர் வருத்தப்பட்டார். லிப்ட் வேலை செய்யாத நாட்களின் பட்டியலை அந்த இடத்தில் போட்டோம்.

அந்த அக்காவின் தொட்டி போன ஆவணியில் முதன்முறை பூத்தது. ஒரே ராத்திரியில் நாலு பூ. வீடியோ அனுப்பினார். பின்னால் யாரோ ஒரு பெண் "எனுக்கு ஒரு இலை குடு" என்று கேட்பதும், இவர் "காலைல வா, இப்ப பூவப் பாரு" என்பதும் அதில் கேட்கிறது.

ஏழு வருடத்தில் நான் நாலு வீடு மாறியிருக்கிறேன். எதற்கென்று உங்களில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு முறையும் அம்மாவின் பெயிண்ட் டப்பாவிலிருந்து வந்த இந்தச் செடி மடியில் வைத்தே வந்தது. அம்மா இப்போது வேலைக்குப் போவதில்லை. போனில் என் உடம்பைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், "எத்தன மொட்டு?" என்று கேட்பார். இப்போதைக்கு இரண்டு. ஒன்று நிமிர ஆரம்பித்துவிட்டது.

கீரை கேட்ட தோழரையும் சேர்த்து, போத்து வேண்டுமென்று சொன்னவர்கள் பதினொரு பேர் ஆகிவிட்டீர்கள். இந்த ஈரத்தில் வெட்டினால் வெட்டுவாய் காயாமல் அழுகும். மழை ஓயட்டும், பொங்கல் கழித்து வெட்டி வைக்கிறேன். வரும்போது பழைய செய்தித்தாள் கொண்டு வாருங்கள், என்னிடம் இல்லை.